கறுப்புத் திரையில் ஒரு சிவப்பு எழுத்து: அது வந்த வழியும், அதற்குள் வைத்த பொறியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கணினி படிக்கிற பிள்ளை இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுத்த பிள்ளைகள் பைதன் படிக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதற்குத் தனி வகுப்புகளும் நடக்கின்றன. பிள்ளை முதலில் எழுதுகிற புரோகிராம் ஒரு கறுப்புத் திரையில் ஓடும். அதன் பெயர் டெர்மினல். படமில்லை, பொத்தான் இல்லை, எழுத்து மட்டும்தான். மாணவனின் பெயரையும் புள்ளிகளையும் அதில் அச்சடிக்கப் பழகியதும் பிள்ளைகள் கேட்கிற அடுத்த கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "பெயில் எண்டா சிவப்பில காட்ட ஏலாதா?"

ஏலும். இன்னொருவர் எழுதி வைத்த ஒரு சின்ன லைப்ரரியை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஒரு வரி டைப் பண்ணினால் போதும், வேலை முடிந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் அறுபது வருடக் கதை இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக் கூடிய ஒரு கண்ணியும் அங்கே வைக்கப்பட்டிருந்தது.

*

எழுத்துக்கு நிறம் கொடுப்பது கணினிக்காரர் கண்டுபிடித்ததில்லை. ஆரம்ப கால குர்ஆன் கையெழுத்துப் பிரதிகளில் எழுத்து கறுப்பு அல்லது கபில நிற மையில் இருக்கும். உயிர்க்குறிகளைக் காட்டும் புள்ளிகள் சிவப்பு மையில் இருக்கும். இந்தப் புள்ளி முறையைத் தொடக்கி வைத்தவர் பஸ்ராவைச் சேர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலி என்று மரபாகச் சொல்லப்படுகிறது. அவர் மறைந்தது ஏறக்குறைய கி.பி. 688இல்.

ஏன் வேறு மை? மூல எழுத்தில் கை வைக்கக் கூடாது, ஆனால் வாசிப்பவருக்கு வழியும் காட்ட வேண்டும். கறுப்பு மை மூலத்துக்கு, சிவப்பு மை வழிகாட்டலுக்கு. எது எழுத்து, எது எழுத்தைப் பற்றிய குறிப்பு என்பதைக் கண் உடனே பிரித்துவிடும். இன்று எங்கள் பிள்ளைகள் ஓதுகிற தஜ்வீத் நிறக் குர்ஆனும் இதே யோசனையின் தொடர்ச்சிதான்.

டைப்ரைட்டரிலும் இது இருந்தது. பாதி கறுப்பு, பாதி சிவப்பு என்று இரட்டை நிற ரிப்பன் போட்ட மெஷின்களை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன நெம்பை மாற்றினால் அடுத்த சொல் சிவப்பில் விழும். தட்டுகிற விசை ஒன்று, நிறம் மாற்றுகிற நெம்பு வேறொன்று. இந்த இரண்டும் தனித்தனியாக இருந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

*

ஆரம்பத்தில் கணினியோடு பேசுவதற்குத் திரை இருக்கவில்லை. டெலிடைப் என்ற தந்தி டைப்ரைட்டர்தான் இருந்தது. 1963இல் வந்த டெலிடைப் மொடல் 33 அதில் பேர் போனது. கணினி அனுப்புகிற ஒவ்வோர் எண்ணுக்கும் அது ஓர் எழுத்தைக் கடதாசியில் அடிக்கும். சில எண்களுக்கு எழுத்தில்லை, வேலை இருந்தது. 7 வந்தால் மணி அடிக்கும். 10 வந்தால் கடதாசி ஒரு வரி மேலே போகும். 13 வந்தால் அச்சு முனை இடது ஓரத்துக்குத் திரும்பும்.

கணினியிடமிருந்து டெர்மினலுக்குப் போவது ஒரேயொரு கம்பி. எழுத்தும் அதில்தான் போக வேண்டும், கட்டளையும் அதில்தான் போக வேண்டும். கட்டளைகள் கூடக் கூட எண்கள் போதாமல் வரும். ஐ.பி.எம்.மில் வேலை செய்த பொப் பெமர் 1960இல் ஒரு வழி சொன்னார். ஒரு விசேட எண்ணை ஒதுக்கி வைப்போம், அது வந்தால் அதற்குப் பின்னால் வருவது எழுத்தல்ல, கட்டளை என்று எடுத்துக்கொள்வோம் என்றார். அந்த விசேட எண்தான் எஸ்கேப். அதன் இலக்கம் 27. உங்கள் கீபோர்டின் இடது மூலையில் இருக்கிற எஸ்கேப் விசை அந்தக் காலத்திலிருந்து வந்தது.

பிறகு கண்ணாடித் திரை டெர்மினல்கள் வந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கட்டளைகளை வகுத்தது. ஒரு மெஷினுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் குப்பையாகத் தெரிந்தது. 1976இல் ஐரோப்பாவில் எக்மா 48 என்றொரு பொது நியமம் வந்தது. 1979இல் அமெரிக்காவின் ஆன்சி அமைப்பும் அதை ஒட்டிய ஒரு நியமத்தை வெளியிட்டது. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கோர்ப்பரேஷன் விற்பனைக்கு விட்ட விடி100 என்ற டெர்மினல் இந்த வழியில் நடந்து உலகெங்கும் பரவியது. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த 80உம் புதிதல்ல. 1928இல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில் இருந்த 80 நிரல்களின் வாரிசுதான் அது.

வேடிக்கை என்னவென்றால் விடி100இல் நிறமே கிடையாது. தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுங்குதல், தலைகீழ் வெளிச்சம், அவ்வளவுதான். ஆனால் நியமத்தில் நிறங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. திரைகள் பிறகு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தன.

அந்த நிற எண்கள் அழகான கணக்கு. சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்துக்கு 4 என்று வையுங்கள். அதோடு 30ஐக் கூட்டுங்கள். 31 சிவப்பு, 32 பச்சை, 34 நீலம். சிவப்பு வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் சேர்ந்தால் மஞ்சள், ஆகவே 1உம் 2உம் 3, 33 மஞ்சள். சிவப்பும் நீலமும் 35, மெஜந்தா. பச்சையும் நீலமும் 36, சயன். மூன்றும் சேர்ந்தால் 37, வெள்ளை. ஒன்றும் இல்லாவிட்டால் 30, கறுப்பு. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு இரும எண்ணும் ஒளிச் சேர்க்கையும் ஒரே பாடத்தில் விளங்கப்படுத்தலாம்.

ஒரு சொல்லைச் சிவப்பாக்க நான்கு துண்டு போதும்: எஸ்கேப், ஒரு திறந்த சதுர அடைப்பு, 31, பிறகு சிறிய எம் எழுத்து. சொல் முடிந்ததும் 31க்குப் பதில் 0 போட்டு அதே கட்டளையை அனுப்பினால் பழைய நிறம் திரும்பும். அந்த 0ஐ மறந்தால் பின்னால் வருவதெல்லாம் சிவப்பு.

இப்போது மை விஷயத்துக்கு வாருங்கள். பழைய பிரதிகளில் வழிகாட்டும் மை வேறு, மூல மை வேறு. டெர்மினலில் எழுத்தும் கட்டளையும் ஒரே கம்பியில், ஒரே வடிவில் கலந்து போகின்றன. எஸ்கேப்பைப் புரியாத மெஷினில் சிவப்பு வராது, அந்த அடைப்பும் 31உம் சொல்லுக்கு நடுவே அசிங்கமாகத் தெரியும். விண்டோஸில் வெகுகாலம் இந்த நிலைதான். விண்டோஸ் 10 காலத்தில்தான் அதன் கறுப்புத் திரை இந்தக் கட்டளைகளை ஒழுங்காகப் படிக்கப் பழகியது.

*

லைப்ரரிகள் பிறந்தது இந்த இடைவெளியில்தான். பைதனில் கலரமா என்று ஒன்று இருக்கிறது, ஜொனதன் ஹார்ட்லி எழுதியது. லினக்ஸில் அது கட்டளையை அப்படியே விட்டுவிடும். பழைய விண்டோஸில் கட்டளையைப் பிடித்து, விண்டோஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். ஒரு மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் கலர்ஸ், சோக் என்று இரண்டு பிரபலம். சோக் என்றால் எங்கள் கரும்பலகைச் சோக்தான். நோர்வேக்காரர் சிந்த்ரே சோர்ஹஸ் தொடங்கிய திட்டம் அது. ஆசிரியர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு சந்தோசம்.

இவற்றின் வேலை மிகச் சிறியது. மேலே நான் எழுதிய நான்கு துண்டைப் பிள்ளைக்குப் பதிலாக அவை போடுகின்றன. ஆனால் இன்னொருவர் பெரிய கருவி ஒன்று செய்யும்போது இந்தச் சின்ன லைப்ரரியைச் சேர்ப்பார். அந்தக் கருவியை வேறொரு கம்பெனி சேர்க்கும். இப்படி அடுக்கடுக்காகப் போய், சோக் வாரத்துக்கு 300 மில்லியன் தடவை அளவில் இறக்கப்படுகிற நிலைக்கு வந்தது. இறக்குபவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படியொன்று தங்கள் கணினிக்குள் வருவதே தெரியாது. எழுதியவர்களில் பலருக்கு அதற்குச் சம்பளமும் கிடையாது.

இந்த அடுக்கு மூன்று தடவை ஆட்டம் கண்டது. மூன்றும் நிறம் காட்டுகிற லைப்ரரிகள்.

முதலாவது 2018. பைதன் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியத்தில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் கலரமாவைப் போலவே, ஓர் எழுத்துத்தான் கூட. அந்த எழுத்து யூ. கலர் என்ற சொல்லை அமெரிக்கர் யூ இல்லாமல் எழுதுவார்கள், பிரித்தானியர் யூ போட்டு எழுதுவார்கள். உண்மையான லைப்ரரி அமெரிக்க எழுத்தில் இருந்தது. யாரோ ஒருவர் பிரித்தானிய எழுத்தில் போலி ஒன்றைச் செய்து பக்கத்தில் வைத்துவிட்டார். அதை இறக்கிய விண்டோஸ் கணினியில் ஒரு திருட்டு புரோகிராம் குடிபுகும். யாருக்காவது பிட்கொயின் அனுப்ப அவருடைய முகவரியைக் கொப்பி பண்ணினால், ஒட்டும்போது அது திருடனின் முகவரியாக மாறியிருக்கும்.

நாங்கள் எந்த எழுத்துமுறை படிக்கிறோம்? இலங்கைப் பாடசாலையில் எல்லாப் பிள்ளையும் கலருக்கு யூ போட்டுத்தான் எழுதப் படிக்கிறது. யூ விட்டால் நாங்களே சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறோம். அதாவது நன்றாகப் படித்த, எழுத்துப் பிழை விடாத பிள்ளைதான் அந்தக் கண்ணியில் முதலில் விழும். இங்கிலிஷ் டீச்சர் சொன்னபடி எழுதியதற்குத் தண்டனை. அந்தப் போலி பிறகு நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பொறி வைக்கிற தந்திரம் இன்றும் நடக்கிறது.

இரண்டாவது 2022 ஜனவரி. கலர்ஸ் லைப்ரரியை எழுதியவரே அதன் புதிய பதிப்பில் முடிவில்லாத சுழற்சி ஒன்றைப் போட்டார். அதைப் பாவித்த புரோகிராம்களில் லிபர்ட்டி, லிபர்ட்டி, லிபர்ட்டி என்று மூன்று தடவை அடித்து, பிறகு சிதைந்த குறிகள் நிற்காமல் ஓடத் தொடங்கின. கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவுக்கு இதில் சம்பந்தமில்லை, சுதந்திரம் என்ற பொருளில்தான் போட்டார். அமேசானின் கிளவுட் கருவி ஒன்று வரை அது போய்த் தாக்கியது. பெரிய கம்பெனிகளுக்கு இனிமேல் இலவசமாக உழைக்கப் போவதில்லை என்று 2020இலேயே அவர் பகிரங்கமாக எழுதியிருந்தார். மற்றவர்கள் பழைய பதிப்புக்குத் திரும்பித்தான் தப்பினார்கள்.

அவர் செய்தது சரியா? என் கருத்து, இல்லை. கோபம் கம்பெனிகளோடு, அடி விழுந்தது ஒரு தவறும் செய்யாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு. ஒருவர் எங்களை நம்பி ஒரு பொருளைக் கையில் எடுத்துவிட்டால் அது அமானிதம். அதேநேரம் கூலி கேட்டவருக்குக் கூலி கொடுக்காமல் அவருடைய வியர்வையில் இலாபம் பார்த்தவர்களையும் நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். தொழிலாளியின் வியர்வை உலர முன் கூலியைக் கொடுங்கள் என்று படித்த சமூகம் நாங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது 2025 செப்டெம்பர் 8. இந்தத் தடவை சோக். அதைப் பராமரிப்பவர் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் இரட்டைப் பாதுகாப்பை உடனே புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பூட்டப்படும் என்று அதில் இருந்தது. களஞ்சியத்தின் முகவரி போலவே தெரிந்த பொய் முகவரி. அவர் நம்பி விவரங்களைக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சோக் உட்பட 18 லைப்ரரிகளில் திருட்டுக் குறியீடு புகுந்தது. அதுவும் கிரிப்டோ பணத்தின் முகவரியை மாற்றுகிற வேலைதான். சுமார் இரண்டு மணித்தியாலத்தில் கண்டுபிடித்து அகற்றத் தொடங்கினார்கள். அந்த 18ஐயும் சேர்த்துப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டு பில்லியனுக்கு மேல் இறக்கம்.

உங்கள் பார்சல் தபாலில் நிற்கிறது, உங்கள் பேங்க் கார்ட் முடக்கப்பட்டுள்ளது, இந்த லிங்கை அமத்துங்கள் என்று எங்கள் போனுக்கு வருகிற மெசேஜும் இதே குடும்பம்தான். இத்தனை அனுபவமுள்ள மனிதரே அவசரப்படுத்தியதில் ஏமாந்தார் என்றால், வீட்டிலிருக்கிற வாப்பாவையோ அப்பம்மாவையோ ஏமாந்ததற்காக ஏசாதீர்கள். அவசரப்படுத்துவதுதான் அவர்களுடைய ஆயுதம் என்று சொல்லிக் கொடுங்கள்.

*

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, எங்களுக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். சம்பளமில்லாமல் பொதுவுக்கு எழுதிக் கொடுக்கும் இந்த மரபில் இலங்கைக்கும் பங்கு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்தபோது காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவிப் பொருட்கள் என்று கணக்கு வைக்க ஒரு முறை இருக்கவில்லை. இங்குள்ள தொண்டர்கள் சில நாட்களிலேயே சஹானா என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் தாங்கலாக நின்றது. 2005 பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும் 2010 ஹெயிட்டி பூமியதிர்ச்சியிலும் அது பாவிக்கப்பட்டது. இலவச மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதும் கிடைத்தது. கூகுளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல வருடம் உலகில் முதலிடத்தில் நின்றார்கள்.

தமிழுக்கும் இப்படிப்பட்ட கைகள் தேவை. விடி100 கட்டிய உலகத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழ் என்ற சொல்லை எங்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளை மூன்றெழுத்து என்று சொல்லும். பைதனிடம் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே அட்டவணை போட்டால் நிரல் கோணலாகும். உயிர்மெய் படிப்பிக்க, கி என்ற எழுத்தில் விசிறியை மட்டும் சிவப்பாக்கிக் காட்டலாம் என்று ஆசைப்பட்டால் பெரும்பாலும் நடக்காது. நடுவில் எஸ்கேப் கட்டளை புகுந்ததும் எழுத்து உடைந்துவிடும், அல்லது நிறம் ஏறாது. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் சிவப்பு மையால் செய்ததை இந்தத் திரையில் செய்ய முடியவில்லை!

இதைத் திருத்த எந்தப் பெரிய கம்பெனியும் வரிசையில் நிற்கவில்லை. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாக எண்ணுகிற ஓப்பன் தமிழ் என்ற பைதன் லைப்ரரி இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரலாக்க மொழியைச் செய்த முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்த தொண்டர்களும் உழைத்த உழைப்பு அது. அதைத் தொடர யாராவது வர வேண்டும். அந்த யாராவது வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ ஏன் வரக் கூடாது?

*

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று. ஒரு சொல்லைச் சிவப்பாக்க மட்டுமென்றால் லைப்ரரியே தேவையில்லை. 27, திறந்த அடைப்பு, 31, எம். நீங்களே போடலாம். அடுத்த வீட்டில் இரவல் வாங்க முன் எங்கள் அடுப்படியைத் தேடிப் பார்ப்பதில்லையா?

இரண்டு. லைப்ரரி தேவைப்பட்டால் பெயரை ஞாபகத்திலிருந்து டைப் பண்ண வேண்டாம். அதன் சொந்த ஆவணப் பக்கத்தில் இருக்கிறபடி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முக்கியமாக அந்த யூ!

மூன்று. எந்தப் பதிப்பு உங்களுக்கு வேலை செய்தது என்று இலக்கத்தோடு குறித்து வையுங்கள். புதியது வந்த அன்றே ஓடிப்போய் மாற்ற வேண்டியதில்லை.

நான்கு. நிறத்தை மட்டும் நம்பி விஷயம் சொல்ல வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் எங்கள் வகுப்புகளிலும் இருப்பார்கள், ஆண் பிள்ளைகளில் இது கூடுதல். சிவப்பில் காட்டுகிற இடத்தில் பிழை என்ற சொல்லையும் எழுதுங்கள். நிறம் வேண்டாம் என்பவருக்கு அதை நிறுத்துகிற வழியையும் புரோகிராமில் வையுங்கள். 2017இலிருந்து அதற்கென்றே ஒரு பொது வழக்கம் இருக்கிறது.

ஐந்து. இலவசமாகப் பாவிக்கிற பொருளை எழுதியவர் யார் என்று ஒரு தடவையாவது பாருங்கள். பிழை கண்டால் மரியாதையாக அறிவியுங்கள். முடிந்தால் அதன் விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஜஸாகல்லாஹு கைர் என்று வாயால் சொல்வதோடு கையாலும் ஏதாவது செய்யலாம்.

கணினி படிக்கிற பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதை அனுப்பி விடுங்கள். ஐ.சி.டி. படிப்பிக்கிற ஆசிரியர்கள் இதில் கூட்டவோ திருத்தவோ இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோரும் படிப்போம்.